சீமைச் சாராயத்தின் பிறப்புச் சான்றிதழ்

சென்னைத் துறைமுகத்திலிருந்து பெங்களூர் நெடுஞ்சாலை வழியாக ஸ்ரீபெரும்புதூருக்கும் ஒரகடத்துக்கும் இரவு பகலாகக் கண்டெய்னர் லாரிகள் ஓடிக்கொண்டிருக்கின்றன. மோட்டார் உதிரிப்பாகம், டெலிவிஷன் பாகம், செல்போன் பாகம் என்று பல தேசத்துச் சரக்கு அவற்றில் வருகிறது. ஸ்ரீபெரும்புதூரை அடுத்த மண்ணூர்ப் பக்கத்தில் சுதந்திர வர்த்தகக் கிடங்கு மண்டலம் என்று ஒன்று இருக்கிறது. இத்தகைய மண்டலத்தில் இறக்கி வைக்கும் அந்நியச் சரக்குக்கு அன்றே சுங்க வரி கட்ட வேண்டியதில்லை. உள்நாட்டில் விற்பதற்காக வெளியே எடுக்கும் நாளில் கட்டினால் போதும்.

அந்த நாளில் சரக்கின் சொந்தக்காரர் ஒரு தாளை நீட்டினால் வரி குறையும். "இந்தச் சரக்கு இன்ன தேசத்தில் பிறந்தது" என்று சொல்லும் தாள் அது. தோற்றச் சான்றிதழ் என்று அதற்குப் பெயர். நம் சர்க்கார் எந்தத் தேசத்தோடு வர்த்தக ஒப்பந்தம் செய்திருக்கிறதோ, அந்தத் தேசத்தில் பிறந்த சரக்கு என்று இந்தத் தாள் காட்ட வேண்டும். மோட்டார் பாகத்துக்கு இப்படித் தாள் உண்டு. சீமைச் சாராயத்துக்கும் உண்டு.

"ஸ்காட்ச் விஸ்கிக்கு என்ன வரியானால் நமக்கென்ன? நாமா குடிக்கப் போகிறோம்?" என்று மில் தொழிலாளி கேட்கலாம். நியாயமான கேள்வி. நாம் குடிக்கப் போவதில்லை. ஆனால் விட்டுக்கொடுக்கப்படும் வரி நம் பணம். அந்தத் தாளில் எதைக் கேட்கிறார்கள், எதைக் கேட்காமல் விடுகிறார்கள் என்பதில் நம் கூலியும் நம் வேலையும் அடங்கியிருக்கின்றன. ஆகவே அந்தத் தாளை நாம் கையில் எடுத்துப் படித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

விலை ஏற ஏற வரி இறங்குகிறது

அந்நிய நாட்டு விஸ்கிக்கும் ஒயினுக்கும் நம் நாட்டில் நெடுங்காலம் 150 சதவிகிதம் சுங்க வரி இருந்தது. கப்பலில் வந்து இறங்கும்போது 1,000 ரூபாய் மதிப்புள்ள புட்டிக்கு 1,500 ரூபாய் வரி. பணக்காரன் குடிக்கும் சரக்கு, கட்டட்டுமே என்ற நினைப்பு அதில் இருந்தது.

இப்போது அந்த வரி ஒப்பந்தத்துக்கு ஒப்பந்தம் கரைகிறது. ஆஸ்திரேலியாவோடு 2022 ஏப்ரல் 2இல் கையெழுத்தான ஒப்பந்தம் அந்த ஆண்டு டிசம்பர் 29இல் அமலுக்கு வந்தது. புட்டிக்கு 5 டாலருக்கு மேல் இறக்குமதி மதிப்புள்ள ஆஸ்திரேலிய ஒயினுக்கு வரி 100 சதவிகிதமாக இறங்கியது. பத்தாண்டில் 50 ஆகும். 15 டாலருக்கு மேற்பட்ட ஒயினுக்கு வரி முதல் நாளே 75 சதவிகிதம்; பத்தாண்டில் 25 ஆகும்.

தோழர்களே, இந்தக் கணக்கை இன்னொரு முறை படியுங்கள். அன்றைய மாற்று மதிப்பில் 5 டாலர் என்றால் சுமார் 400 ரூபாய், 15 டாலர் என்றால் சுமார் 1,200 ரூபாய். 400 ரூபாய்ப் புட்டியை வாங்குகிறவன் அதிக விகிதத்தில் வரி கட்டுகிறான். 1,200 ரூபாய்ப் புட்டியை வாங்குகிறவன் குறைந்த விகிதத்தில் கட்டுகிறான். மலிவான அந்நிய ஒயின் வந்து குவிந்து நம் நாட்டுத் திராட்சை விவசாயியைக் கெடுத்துவிடக் கூடாது என்பதற்காக இப்படிச் செய்தோம் என்கிறார்கள். விவசாயியைக் காக்க வேண்டியதுதான். அதற்கு மலிவான ஒயினுக்குப் பழைய வரியையே வைத்துக்கொண்டால் போதும். உயர்ந்த ஒயினுக்கு ஏன் இன்னும் சலுகை? அதைக் குடிப்பவனுக்கு என்ன கஷ்டம் வந்தது?

அமெரிக்க பர்பன் விஸ்கிக்கு 2025 பிப்ரவரி 13இல் வரி 150இலிருந்து 100 ஆகக் குறைக்கப்பட்டது. பிரதமர் வாஷிங்டனில் அமெரிக்க ஜனாதிபதியைச் சந்தித்த நாளும் அதுவே. பிரிட்டனோடு 2025 ஜூலை 24இல் கையெழுத்தான ஒப்பந்தத்தின் ஷரத்து இது: ஒப்பந்தம் அமலாகும் நாளில் ஸ்காட்ச் விஸ்கியின் வரி 75 சதவிகிதமாகும், பத்தாவது ஆண்டில் 40 ஆகும். முன்பு 1,500 ரூபாய் வரி கட்டிய அதே புட்டி, கடைசியில் 400 ரூபாய் கட்டினால் போதும். 1,100 ரூபாய் மிச்சம்.

தாளில் என்ன இருக்கிறது?

சலுகை வரி தானாகக் கிடைக்காது. கேட்டு வாங்க வேண்டும். இறக்குமதியாளர் கஸ்டம்ஸில் சரக்குப் பட்டியல் தாக்கல் செய்யும்போதே, இன்ன ஒப்பந்தப்படி இன்ன சலுகை வேண்டும் என்று குறிப்பிட்டு, சரக்கின் பிறப்பிடத்துக்கு அத்தாட்சி காட்ட வேண்டும்.

2020இல் 1962ஆம் ஆண்டுச் சுங்கச் சட்டத்தில் 28-டிஏ என்ற பிரிவைச் சேர்த்தார்கள். அதற்கான விதிகள் அந்த ஆண்டு செப்டம்பர் 21 முதல் அமலில் இருக்கின்றன. சரக்கு எங்கே, எந்த முறையில் தயாரானது, மூலப்பொருள் எங்கிருந்து வந்தது என்ற விவரங்களை இறக்குமதியாளர் கையில் வைத்திருக்க வேண்டும். ஐந்து வருஷம் பத்திரப்படுத்த வேண்டும். அதிகாரிக்குச் சந்தேகம் வந்து கேட்டால் 10 வேலை நாளுக்குள் கொடுக்க வேண்டும். அதிலும் திருப்தி இல்லையென்றால், சரக்கை அனுப்பிய தேசத்து அதிகாரிகளுக்கே எழுதி விசாரிக்கலாம்.

இந்தக் கெடுபிடியை நாம் குறை சொல்லவில்லை. கெடுபிடி இல்லாவிட்டால் மூன்றாவது தேசத்துச் சரக்கு ஒப்பந்த தேசத்துத் துறைமுகத்தில் லேபிளை மாற்றிக்கொண்டு சலுகையில் நுழைந்துவிடும். நம் ஆலைகளில் செய்யும் பொருளை அது அடித்துவிடும். ஆனால் போகிற போக்கு வேறு திசையில் இருக்கிறது. 2025 மார்ச்சில் விதிகளில் "சான்றிதழ்" என்று இருந்த இடத்தில் "அத்தாட்சி" என்று மாற்றினார்கள். அரசாங்க முத்திரை வைத்த சான்றிதழ் இல்லாமலே, ஏற்றுமதியாளர் தானே எழுதிக் கொடுக்கும் உறுதிமொழியும் செல்லுபடியாக அது வழி திறந்தது. பிரிட்டிஷ் ஒப்பந்தத்திலும் அந்தச் சுய உறுதிமொழி முறை இருக்கிறது.

முதலாளியின் சொல்லை நம்பலாமா? பெர்னோ ரிக்கார் என்ற பிரெஞ்சு மதுக் கம்பெனியின் இந்தியக் கிளை, விஸ்கி தயாரிப்புக்கான செறிவுச் சாராயத்தைப் பல ஆண்டுகளாக மதிப்பைக் குறைத்துக் காட்டி இறக்குமதி செய்தது என்று சுங்கத் துறை குற்றம் சாட்டியது. சுமார் 24 கோடி டாலர் கட்டு என்று 2022இல் கேட்டது. கம்பெனி குற்றச்சாட்டை ஏற்கவில்லை, வழக்காடியது. தீர்ப்பு எப்படியானாலும் ஒன்று தெரிகிறது: ஒரு தாளில் எழுதும் ஒரு எண்ணில் பல நூறு கோடி ரூபாய் மறையவும் முடியும், வெளிப்படவும் முடியும்.

ஓட்டையை அடைப்பது யார்?

சர்க்கார் ஒரு பக்கம் வரியை விட்டால் இன்னொரு பக்கம் பிடிக்கும். நம் மாகாணத்தின் சரித்திரமே இதற்குச் சாட்சி. 1937இல் ராஜாஜி மந்திரிசபை சேலம் ஜில்லாவில் மதுவிலக்கைக் கொண்டுவந்தது. கலால் வருமானம் குறைந்தது. அதை ஈடுகட்ட 1939இல் பொது விற்பனை வரிச் சட்டம் வந்தது. கள்ளுக்கடை ஏலத்தில் வந்துகொண்டிருந்த பணத்தை, கடைக்குப் போய்ச் சாமான் வாங்கும் எல்லாரிடமும் வசூலித்தார்கள். மதுவிலக்கு பின்னால் வந்தது, போனது, மறுபடி வந்தது, மறுபடி போனது. விற்பனை வரி மட்டும் போகவே இல்லை. பெயர் மாறி, இன்று ஜி.எஸ்.டி. என்று நிற்கிறது.

2017 ஜூலை முதல் 2025 செப்டம்பர் வரை குளியல் சோப்புக்கும் பிஸ்கட்டுக்கும் 18 சதவிகிதம் ஜி.எஸ்.டி. கட்டினோம். இப்போது 5 சதவிகிதம். குறைந்தது நல்லதுதான். ஆனால் அந்த எட்டு வருஷத்தில், "நான் நாள்கூலிக்காரன், எனக்குச் சலுகை விகிதம் கொடு" என்று எழுதிக் கொடுக்க ஒரு பாரமாவது இருந்ததா? ஒரகடத்தில் ஒப்பந்தத் தொழிலாளி வாங்கும் சோப்புக்கும் ஆலை மானேஜர் வாங்கும் சோப்புக்கும் ஒரே வரி. சலுகை பாரம் இறக்குமதியாளருக்கு மட்டுமே அச்சடிக்கப்படுகிறது.

விவசாயத் தொழிலாளத் தோழர்கள் கவனிக்க வேண்டிய ஒரு விஷயம் இதில் இருக்கிறது. 2021 பட்ஜெட்டில் சீமைச் சாராயத்தின் 150 சதவிகித வரியை இரண்டாக உடைத்தார்கள். 50 சதவிகிதம் சுங்க வரி என்றும் 100 சதவிகிதம் வேளாண் உட்கட்டமைப்பு வளர்ச்சி செஸ் என்றும் ஆக்கினார்கள். வாங்குகிறவனுக்கு மொத்தம் மாறவில்லை. மாறியது வேறு. சுங்க வரியில் மாநிலங்களுக்குப் பங்கு உண்டு. செஸ்ஸில் பங்கு கிடையாது. விவசாயியின் பெயரைப் புட்டியில் ஒட்டி, மாநிலத்தின் பங்கை மத்திய சர்க்கார் தன் பைக்குள் போட்டுக்கொண்டது. பர்பன் வரியைக் குறைத்தபோது அந்த செஸ்ஸிலிருந்துதான் 50 சதவிகிதத்தை வெட்டினார்கள். வரி போடும்போது விவசாயியின் பெயர் வேண்டியிருந்தது. வரியை விடும்போது விவசாயியை யாரும் கேட்கவில்லை.

மாநில சர்க்காரும் தன் கஜானாவை ஏழையின் புட்டியைக் கொண்டே நிரப்புகிறது. டாஸ்மாக் வழியாக 2023-24இல் வந்த வருமானம் 45,855 கோடி ரூபாய். அதில் பெரும்பகுதி குவார்ட்டர் வாங்கும் உழைப்பாளியின் சட்டைப் பையிலிருந்து வந்த பணம். அதையும் வாங்க முடியாதவன் கள்ளச் சாராயத்துக்குப் போகிறான். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயத்தைக் குடித்து 60க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். கூலி வேலை செய்து பிழைத்த குடும்பங்கள் அவை. துறைமுகத்தில் இறங்கும் விஸ்கியிலிருந்து மாதிரி எடுத்து உணவுப் பாதுகாப்பு ஆணையம் சோதிக்கிறது. தேறினால்தான் வெளியே விடுகிறது. கருணாபுரத்துப் பாக்கெட்டை யார் சோதித்தார்கள்? நாம் குடிக்கு வக்காலத்து வாங்கவில்லை. குடி தொழிலாளியின் குடும்பத்துக்கு எமன். ஆனால் உயிருக்கு உயிர் சர்க்காரின் அக்கறை இப்படி வேறுபடுவதைச் சொல்லாமல் இருக்க முடியாது.

ஒரே மாதம், இரண்டு தாள்கள்

ஸ்ரீபெரும்புதூர் சாம்சங் ஆலைத் தொழிலாளர் 2024இல் சங்கம் அமைத்தார்கள். பதிவுக்கு மனுக் கொடுத்தார்கள். 1926ஆம் ஆண்டுத் தொழிற்சங்கச் சட்டம் கொடுத்த உரிமை அது. சங்கத்தின் பெயரில் கம்பெனியின் பெயர் இருக்கிறது என்று ஆட்சேபம் கிளம்பியது. பதிவு மாதக்கணக்கில் இழுத்தது. செப்டம்பர் 9 முதல் அக்டோபர் 15 வரை 37 நாள் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தார்கள். கைதையும் கண்டார்கள். உயர் நீதிமன்றம் ஆறு வாரத்தில் முடிவெடுக்கச் சொன்ன பிறகு, 2025 ஜனவரி 27இல் சங்கம் பதிவானது.

அதே 2025 ஜனவரியில் அதே கம்பெனியைப் பற்றி இன்னொரு உத்தரவும் வந்தது. கொரியாவிலிருந்தும் வியட்நாமிலிருந்தும் கொண்டுவந்த ரிமோட் ரேடியோ ஹெட் என்ற செல்போன் கோபுரச் சாதனத்தை, வரியில்லாத இனமாக வகைப்படுத்திக் காட்டி இறக்குமதி செய்தார்கள் என்று சுங்கத் துறை முடிவு செய்தது. கம்பெனி 52 கோடி டாலரும், அதன் உயர் அதிகாரிகள் ஏழு பேர் 8 கோடி 10 லட்சம் டாலரும் கட்ட வேண்டும் என்று உத்தரவிட்டது. கம்பெனி இதை எதிர்த்து மேல்முறையீடு செய்தது. அந்த இறக்குமதி 2018 முதல் 2021 வரை நடந்தது. ஆண்டுக்கணக்கில் அந்தத் தாள்கள் கஸ்டம்ஸைத் தாண்டிப் போயிருக்கின்றன.

தொழிலாளியின் தாளில் பெயர் சரியில்லை என்று வாசலிலேயே நிறுத்தினார்கள். கம்பெனியின் தாளை உள்ளே விட்டுவிட்டுப் பல வருஷம் கழித்துப் புரட்டினார்கள். சர்க்கார் யாரை நம்புகிறது, யாரைச் சந்தேகிக்கிறது என்பதற்கு இதைவிட வேறு என்ன நிரூபணம் வேண்டும்?

இந்தப் பக்கத்துக்குச் சலுகை புதிதல்ல. நோக்கியா கம்பெனி 2006இல் ஸ்ரீபெரும்புதூர் விசேஷப் பொருளாதார மண்டலத்தில் செல்போன் ஆலையைத் தொடங்கியது. வரிச் சலுகைகள் கிடைத்தன. பின்னால் வரித் தகராறு வந்தது. 2014 நவம்பர் 1இல் ஆலை நின்றது. ஆயிரக்கணக்கான இளந் தொழிலாளிகள், அதில் பெரும் பகுதி கிராமத்துப் பெண்கள், வேலை இழந்தார்கள். சலுகைக்கான ஷரத்துகளில் ஏற்றுமதி பற்றி எழுதியிருந்தது. வேலையின் ஆயுள் பற்றி எதுவும் எழுதியிருக்கவில்லை.

தாளில் ஒரு வரி சேர்க்க வேண்டும்

"ஒப்பந்தத்தால் நமக்கும் லாபம் இருக்கிறதே, திருப்பூர்ப் பனியன் பிரிட்டனுக்கு வரியில்லாமல் போகுமே" என்று ஆளும் கட்சியார் சொல்கிறார்கள். மெய்தான். பிரிட்டனில் நம் ஆடைகளுக்கு 12 சதவிகிதம் வரை இருந்த வரி நீங்குவதற்கு அந்த ஒப்பந்தம் வழி செய்கிறது. திருப்பூர் முதலாளியும் அங்கே சலுகை வாங்க இதே பிறப்பிடத் தாளைத்தான் நீட்டுவார். நூல் எங்கே நூற்றது, துணி எங்கே தைத்தது என்று அதில் எழுதுவார். நூற்றவளுக்கு என்ன கூலி, தைத்தவனுக்கு எத்தனை மணி வேலை என்று எழுத வேண்டியதில்லை. 12 சதவிகித மிச்சம் முதலாளிக்கும் லண்டன் கடைக்காரருக்கும் பங்காகும். மில் தொழிலாளிக்கு அதில் எத்தனை காசு என்று எந்த ஷரத்தும் சொல்லவில்லை.

"கூலியைச் சுங்கத் தாளில் எப்படி எழுதுவது? நடக்கிற காரியமா?" என்று பொருளாதார மேதைகள் சிரிப்பார்கள். சிரிக்க வேண்டாம், நடந்துகொண்டிருக்கிறது. அமெரிக்கா, மெக்சிகோ, கனடா மூன்றும் செய்துகொண்ட ஒப்பந்தம் 2020 ஜூலை 1 முதல் அமலில் இருக்கிறது. அதன்படி ஒரு மோட்டார் கார் சலுகை வரியில் எல்லை தாண்ட வேண்டுமானால், அதன் மதிப்பில் 40 சதவிகிதம் மணிக்குக் குறைந்தது 16 டாலர் கூலி வாங்கும் தொழிலாளர் செய்ததாக இருக்க வேண்டும். சிறு சரக்கு வண்டியானால் 45 சதவிகிதம். கம்பெனி அதற்கு அத்தாட்சி கொடுக்க வேண்டும். மெக்சிகோ தொழிலாளி மீது உள்ள பாசத்தால் அமெரிக்க சர்க்கார் அதைச் செய்யவில்லை. ஆலைகள் தெற்கே போய்விடாமல் தடுக்கச் செய்தது. காரணம் எதுவாயினும், கூலியைப் பிறப்பிடத் தாளில் எழுத முடியும் என்பது நிரூபணமாகிவிட்டது.

கார் செய்யும் ஒரகடமும் இருங்காட்டுக்கோட்டையும் இதைக் கேட்க வேண்டிய இடங்கள். கொரியாவோடு 2010 ஜனவரி முதலும் ஜப்பானோடு 2011 ஆகஸ்ட் முதலும் ஒப்பந்தங்கள் அமலில் இருக்கின்றன. பாகங்கள் சலுகையில் வருகின்றன. அந்தப் பாகங்களைப் பூட்டி வண்டியாக்கும் கைகளில் நிரந்தரத் தொழிலாளி எத்தனை, ஒப்பந்தக்காரர், பயிற்சியாளர், அப்ரண்டிஸ் எத்தனை? ஒரே வேலைக்கு இரண்டு கூலி, மூன்று கூலி ஏன்? சலுகை கேட்கும் தாளில் இந்தக் கேள்வி இல்லை. இந்த ஆலைகளுக்காக எடுத்த நிலத்தில் தலைமுறையாக நாற்று நட்டவர்களுக்குப் பட்டா இல்லாததால் நஷ்டஈடும் இல்லை. அவர்கள் பிள்ளைகள் இன்று அதே நிலத்தின் மேல் காண்டிராக்டு வேலை செய்கிறார்கள்.

நம் கோரிக்கைகள் இவை:

1. ஒவ்வொரு வர்த்தக ஒப்பந்தத்தின் கீழும் விட்டுக்கொடுத்த சுங்க வரி எவ்வளவு, அதில் மதுபானத்துக்கு எவ்வளவு, எந்தக் கம்பெனி எவ்வளவு பெற்றது என்று ஆண்டுதோறும் பாராளுமன்றத்தில் வைக்க வேண்டும்.

2. விலை உயர்ந்த மதுவுக்குக் குறைந்த வரி என்ற தலைகீழ் முறை ஒழிய வேண்டும். விவசாயத்தின் பெயரால் வசூலிக்கும் செஸ்ஸில் மாநிலங்களுக்குப் பங்கு வேண்டும். வசூலான பணம் எந்தக் கிராமத்தில் செலவானது என்று கணக்குச் சொல்ல வேண்டும்.

3. ஒப்பந்தச் சலுகையில் சரக்கு இறக்கும் ஆலை, சம வேலைக்குச் சம கூலி கொடுப்பதாகவும் சங்க உரிமையை மதிப்பதாகவும் அத்தாட்சி கொடுக்க வேண்டும். அந்த அத்தாட்சியில் ஆலைச் சங்கத்தின் கையெழுத்தும் இருக்க வேண்டும். பொய்யானால் சலுகையைத் திரும்பப் பிடிக்க வேண்டும்.

4. ஏற்றுமதிச் சலுகை பெறும் பஞ்சாலை, பனியன் ஆலைகளுக்கும் இதே நிபந்தனை வேண்டும்.

5. சங்கப் பதிவு மனுக்களுக்குக் கெடு வைக்க வேண்டும். கம்பெனிக்குப் பதில் சொல்ல 10 நாள் என்று எழுதத் தெரிந்த சர்க்காருக்கு, தொழிலாளிக்குப் பதில் சொல்லவும் நாள் குறிக்கத் தெரிய வேண்டும்.

இவை மேலேயிருந்து தானாக வரா. சாம்சங் தொழிலாளர் 37 நாள் வெளியே நின்றதால்தான் அவர்கள் சங்கம் தாளில் ஏறியது. ஆலை வாசல் கூட்டங்களில் இந்தக் கணக்கைப் பேசுங்கள். விவசாயத் தொழிலாளர் சங்கக் கூட்டங்களில் செஸ் கதையைச் சொல்லுங்கள். உங்கள் தொகுதி எம்.பி. ஊருக்கு வரும்போது நேருக்கு நேர் கேளுங்கள்: "ஐயா, ஸ்காட்ச் புட்டி எங்கே பிறந்தது என்று ஐந்து வருஷம் தாள் வைத்திருக்கச் சொல்கிறீர்களே, ஒரகடத்தில் வண்டி பூட்டுகிறவனுக்கு நியாயமான கூலி கிடைக்கிறதா என்று ஒரு தாளாவது கேட்டிருக்கிறீர்களா?"

அவர் பதில் சொல்லட்டும். சொல்லும்வரை நாம் கேட்போம்.